நல்லாத்தானே கிடக்கு

தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை இறக்கவிடாமல் துஷாந்தி வாசற் படலையை மறித்து நின்றாள். தோளில் முதல் பெட்டியோடு வந்த லொறிக்காரன் செய்வதறியாமல் திரும்பி எஞ்சினியர் பிரசாந்தனைப் பார்த்தான்.

"தங்கச்சி, வாற சனம் குடிக்கட்டும் எண்டு கொண்டந்தனான். ஐயாவுக்கு எங்களாலை ஏலுமான ஒரு மரியாதை."

"குளத்திலை தண்ணி கிடக்குத்தானே சேர். நீங்கள் வெட்டின குளம்."

ஒப்பாரி சற்றே நின்றது. உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்: "கொப்பர் செத்துக் கிடக்கிறார், அங்கை என்னடி சண்டை?"

துஷாந்தி அசையவில்லை.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸுக்குப் போனவள் அவள். கடைசி வருட ஆய்வுக்குப் புளியங்கூடலின் இந்தக் குளத்தைத்தான் கணினிக்குள் கட்டினாள். மழை எவ்வளவு விழும், மாடு எவ்வளவு குடிக்கும், சனம் எவ்வளவு அள்ளும், வெயில் எவ்வளவு உறிஞ்சும் என்று எல்லாம் கொடுத்து ஓடவிட்டாள். எல்லாரையும்விட வெயில்தான் அதிகம் குடித்தது. பிரசாந்தனின் திட்டப்படி ஆழமாக்கினால் நிலைமை இன்னும் மோசம். அடிப்பாறை உடைந்து கீழேயிருக்கும் உப்பு மேலே வரும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் திரை கட்டி அதைக் காட்டினாள். "வெயில் தண்ணியைத்தான் கொண்டுபோகும். உப்பை எங்களுக்கு விட்டிட்டுப் போகும்" என்றாள். பிரசாந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குளச்சபைத் தலைவர் சிவபாதம் எழும்பினார். அவளுடைய அப்பா.

"என்ர பிள்ளை கொம்பியூட்டருக்குள்ளை குளம் வெட்டுறா. நாங்கள் நிலத்திலை வெட்டுவம்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

வெட்டினார்கள். அடுத்த கோடைக்கே தண்ணீர் உப்புச் சவராகிவிட்டது. சனம் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்கு வரிசையில் நின்றது. அப்பா மட்டும் குடத்தோடு குளத்துக்குப் போனார். அள்ளி வந்து, அவள் பார்க்கும்படி முற்றத்தில் நின்று, அண்ணாந்து குடித்தார். "நல்லாத்தானே கிடக்கு."

சிறுநீரகம் பழுது என்று தெரிந்த பிறகும் குடித்தார். அம்மா ஒளித்து வாங்கிவைத்த நல்ல தண்ணீரைக் கோழிக்கு ஊற்றினார். டொக்டர் தண்ணியால் வந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்று காலையில் சித்தப்பா, உயிர் போன அவர் முகத்தைக் குளத்துத் தண்ணீரால் துடைக்கச் சவுக்காரம் போட்டார். நுரைக்கவே இல்லை. திரைந்த பால் மாதிரித் தாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

துஷாந்தி படலையை விட்டு விலகினாள்.

"இறக்குங்கோ. பந்தலுக்கில்லை, கிணத்தடிக்கு. அப்பாவைக் குளிப்பாட்ட."

பிரசாந்தன் லொறிக்காரனுக்குக் கிணற்றடியைக் காட்டினார்.

பக்கத்து வீட்டில் றஞ்சனியக்கா பிளேன்ரீக்கு உலை வைத்திருந்தாள். துஷாந்தி அதிலிருந்த பவுசர் தண்ணீரைச் சரித்துக் கொட்டிவிட்டு அப்பாவின் குளத்துத் தண்ணீர்க் குடத்தை அதில் கவிழ்த்தாள்.

"எடி விசரி! சனம் துப்புமெடி!"

"துப்பட்டும். அப்பா துப்பேல்லை."

தேத்தண்ணித் தட்டத்தை அவளே தூக்கிவந்தாள். முதல் கோப்பையைப் பிரசாந்தனுக்கு நீட்டினாள். ஒரு மிடறு. அவருடைய கன்னம் உப்பியபடியே நின்றது. செத்த வீட்டில் எங்கே துப்புவது? பந்தல் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினார்.

"எப்பிடி சேர்?"

"நல்லாத்தானே கிடக்கு, தங்கச்சி."

அப்பாவின் சொல்லை இன்னொருவர் வாயால் கேட்பேன் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. தட்டத்தை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தாள்.

அங்கே அப்பாவின் உடலைச் சுற்றி நாலு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள்.

"ஆரது? பிள்ளையே?" சித்தப்பாவின் குரல். "மூடி திறக்க ஏலாமக் கிடக்கு மோனை. கையெல்லாம் எண்ணெய்."

அவள் குந்தியிருந்து ஒவ்வொரு போத்தலாகத் திருகித் திறந்து மறைப்புக்கு அடியால் நீட்டினாள். வெறும் போத்தல்கள் திரும்பி வந்தன.

"அட, இப்ப நுரைக்குது" என்றார் சித்தப்பா யாருக்கென்றில்லாமல்.

வேட்டிக்கு அடியால் வெள்ளை நுரை மெல்ல வழிந்து வாழைப்பாத்திப் பக்கம் திரும்பியது. வழியில் அவளுடைய பாதம் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.