சர்க்கரை வராத எலிகள்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. ஒரு சிற்றிதழ் ‘நம்மிடையே விஞ்ஞானிகள்’ என்று சிறப்பிதழ் போடுவதாகச் சொல்லி என்னிடம் ஒன்று கேட்டது. எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானி லோகநாயகி. தெரியும் என்றால், செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது தெரியும். நான் வந்துவிட்ட சர்க்கரைக்காக நடக்கிறவன். அவர் வராமலிருக்க நடக்கிறவர்.

கட்டுரை திரும்பி வந்தது. ‘தகவல்கள் ஐயத்துக்குரியவை. நடை கதைபோல் இருக்கிறது.’ தகவல்களைத் திருத்துவது சிரமமான வேலை. எனவே கதை என்று பெயரை மாற்றிவிட்டேன்.

“என் பேரையும் மாத்திடுங்க சார்” என்றார் அவர். மாற்றினேன். லோகநாயகி என்ற பெயரும் அவருக்குப் பிடிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: வங்கக் கடலில் செந்நிறக் கதிர்கள் விரிய, டாக்டர் லோகநாயகி நுண்ணோக்கியின் மீது குனிந்து…

(கோவளத்துக்குப் பக்கத்தில் ஆய்வகம் என்று கேட்டதுமே சூரியனை உதிக்கவைத்துவிட்டேன். ஆய்வகம் பத்து மணிக்குத்தான் திறக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: டி-செல் என்பது நம் உடம்பின் போலீஸ். திருடனைப் பிடிக்க வேண்டிய போலீஸ், ஒருநாள் வீட்டுக்காரனையே போட்டு அடித்தால்? கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை நம் டி-செல்களே அழிக்கின்றன. குழந்தைகளுக்கு வருகிற சர்க்கரை நோய் பெரும்பாலும் இப்படித்தான்…

(இது லோகநாயகியின் உவமை. இதைவிட நல்ல உவமை ஒன்று தேடி ஒரு வாரம் செலவிட்டேன். வாட்ச்மேன், வேலி, மருமகள் எல்லாம் வந்து போனார்கள். போலீஸே இருக்கட்டும்.)

மூன்றாவது தொடக்கம்தான் நிலைத்தது.

3

கருங்குழியில் பிறந்து, கனடாவில் டி-செல்களைப் படித்து, தொண்ணூற்று நான்கில் லோகநாயகி ஊர் திரும்பினார். கூடவே எலிகளையும் வரவழைத்தார். அவை விசேஷமான எலிகள். வளர்ந்ததும் அவற்றில் பலவற்றுக்குத் தானாகவே சர்க்கரை நோய் வரும், குழந்தைகளுக்கு வருகிற அதே வகை. நோயைத் தடுக்க வழி தேடுகிறவருக்கு முதலில் எலிக்கு நோய் வந்தாக வேண்டும்.

வரவில்லை. கனடாவில் வந்தது, கோவளத்தில் வரவில்லை. எலிகள் தின்றன, தூங்கின, குட்டி போட்டன. தீவனத்தை மாற்றிப் பார்த்தார். தண்ணீரை மாற்றிப் பார்த்தார். அனுப்பியவர்களிடம் போனில் சண்டை போட்டார். ஆய்வக இயக்குநர் ராமானுஜம் கூண்டுகளைப் பார்வையிட வந்தவர் சொன்னார்: “உங்க எலிக்கு இருக்கிற ஆரோக்கியம் எனக்கில்லையே மேடம். நானும் ஒரு கூண்டுக்குள்ள வந்துடட்டுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். லோகநாயகியும் சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதார்.

அப்படியே சில வருடங்கள் போயின. தொண்ணூற்றெட்டில் ஒருநாள், கணையத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் அலுத்துப்போய் ஓர் எலியின் குடலைப் பிரித்தார். உள்ளே வெள்ளை நூல் மாதிரி புழுக்கள், கும்பலாக. முதலில் வந்தது அவமானம். எலிக்கூடம் அவ்வளவு அசுத்தம். பிறகு ஒரு கேள்வி வந்தது. புழுக்களோடு மல்லுக்கட்டுவதிலேயே உடம்பின் போலீஸ் மும்முரமாக இருந்தால், கணையத்தின் பக்கம் போக அதற்கு எங்கே நேரம்? பாதி எலிகளுக்குப் புழு மருந்து கொடுத்தார். சுத்தமான எலிகளுக்கு ஒவ்வொன்றாக நோய் வந்தது. புழுவோடு இருந்தவை ஜாலியாக இருந்தன.*

* இதை எழுதி வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார். ‘முதலில் எலிக்கூடத்தைச் சுத்தம் செய்யவும்’ என்று திருப்பி அனுப்பினார்கள். சுத்தம் செய்து, மறுபடி சோதித்து, மறுபடி எழுதுவதற்குள் வேறு யாரோ அதேமாதிரி ஒன்றை அச்சிட்டுவிட்டார்கள். திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் சங்கத்தில் நாங்கள் இருவர்.

4

இனி ஜாஃபர். கோவளத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் சப்ளை செய்கிறவர். அவருடைய மகள் ஷபானாவுக்கு ஒன்பது வயதில் இந்த நோய் வந்தது. குழந்தைகளின் ரத்த மாதிரி வாங்க லோகநாயகி வாராவாரம் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போவார். அங்கே பழக்கம்.

முதல் வரைவில் ஜாஃபரை ஒன்றும் தெரியாதவராக எழுதியிருந்தேன். ஏரிக்கரையில் படித்துக்காட்டியபோது லோகநாயகி நின்றுவிட்டார்.

“அவர் தினம் பேப்பர் படிக்கிறவர் சார். தெரியாம எதுவும் செய்யல. நான் சொன்னதைக் கேட்டுத்தான் செஞ்சார்.”

லோகநாயகி சொன்னது இதுதான். புழுவைக் கண்டுபிடித்த வாரம். சந்தோஷம் தாங்காமல், யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுகிற நிலை. வார்டு வராந்தாவில் ஜாஃபர்தான் கிடைத்தார். அவரிடம் போலீஸ் கதையைச் சொல்லி, புழு கதையையும் சொன்னார்.

ஜாஃபர் கவனமாகக் கேட்டார். “அப்போ வவுத்துல புழு கீற எலிக்கு சுகரே வர்ல?”

“வரவே இல்ல.”

“இன்னா டாக்டரம்மா, எங்க வூட்டுப் பொண்ணுக்குப் புழு வந்தா நாங்க மாத்திரை குடுத்து சாவடிக்கிறோம்!”

லோகநாயகி ரசித்துச் சிரித்தார். (இந்தச் சிரிப்பை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன்.)

5

நோய் கண்ட புதிதில் ஊசி போட ஆரம்பித்ததும், எஞ்சியிருக்கிற கணையச் செல்கள் கொஞ்ச நாள் தெம்பாக வேலை செய்யும். ஊசியின் தேவை குறைந்துகொண்டே வரும். குணமானது போலவே இருக்கும், ஆனால் ஆகியிருக்காது. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் தேனிலவுக் காலம். (நான் வைத்ததல்ல. என் உவமைகள் இவ்வளவு குரூரமாக இருக்காது.)

ஜாஃபருக்கு வேறு கணக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பூச்சி மாத்திரையை மகளை விழுங்கவிடவில்லை. காலில் புழு ஏறட்டும் என்று செருப்பில்லாமல் விளையாடவிட்டார். ஊசி குறையக் குறைய அவருக்கு நம்பிக்கை ஏறியது.

ஒரு மத்தியானம் பிரியாணித் தூக்குடன் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். “உங்க புழு வேலை செய்து டாக்டரம்மா!”

லோகநாயகிக்குப் புரியவில்லை. “ஷபானா எப்படி இருக்கா? ஊசி எவ்வளவு போடறீங்க?”

“ஊசியா? ரம்ஜானோட நிறுத்தியாச்சு. ஜம்முனு இருந்தா. ரெண்டு நாளாத்தான் ஜுரம், வாந்தி எடுத்துகினு கீறா. புழு உள்ள வேலை செய்துல்ல, அதான்.”

தூக்கு மேஜைமேலேயே கிடந்தது. லோகநாயகி ஜீப்புக்கு ஓடினார்.

(இந்த இடத்தில் கடல், காற்று, சவுக்குத்தோப்பு என்று ஒரு நீண்ட வாக்கியம் வைத்திருந்தேன். ஜீப்பில் போகிறவர்கள் யாரும் வெளியே பார்க்கவில்லையாம்.)

வீட்டில் ஷபானா பாயில் கிடந்தாள். ஓடிவந்தவள் மாதிரி பெரிசு பெரிசாக மூச்சு வாங்கினாள். மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்று பொருள். ஜீப்பில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கிளம்பினார்கள். திருப்போரூர் தாண்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. முன்சீட்டில் ஜாஃபர் ஓதிக்கொண்டே வந்தார். பின்னால் லோகநாயகி ஷபானாவின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, தன் வாயைத் தானே சபித்துக்கொண்டு வந்தார்.

செங்கல்பட்டில் ட்ரிப்ஸ் ஏற்றி, இன்சுலின் கொடுத்து, மறுநாள் சாயங்காலம் ஷபானா கண் திறந்தாள். பக்கத்தில் அத்தா ஜாஃபர் இல்லை, தொழப் போயிருந்தார். டாக்டரம்மாதான் இருந்தார்.

“எலிக்கெல்லாம் சரியாயிடுச்சாமே. எனக்கு ஏன் ஆவல?”

“எலிக்கும் சரியாகலம்மா. அதுங்களுக்கு வரவே இல்ல. உனக்கு வந்துடுச்சு. வந்தப்புறம் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியாது.”

ஷபானா யோசித்தாள். “தெரியாமயா எங்கத்தா கைல சொன்ன?”

(லோகநாயகிக்காக நான் இங்கே ஓர் அழகான பதில் எழுதிவைத்தேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, “நான் ஒண்ணும் சொல்லல சார்” என்றார். அடித்துவிட்டேன்.)

6

அதன்பிறகு லோகநாயகி ஆராய்ச்சியையே திருப்பிவிட்டார். நோய் வராமல் தடுப்பதை விட்டு, வந்தபிறகு எஞ்சிய செல்களைக் காப்பாற்றுவது எப்படி என்று போனார். இரண்டாயிரத்துக்குப் பிறகு, மற்ற டி-செல்களை அடக்கிவைக்கும் ஒருவகை டி-செல்லைப் பற்றி உலகமே பேசியது. இவரும் அதில் இறங்கினார். எலிகளில் கொஞ்சம் பலித்தது. மனிதர்களில் எதுவும் பலிக்கவில்லை. இதை எழுதுகிற இரண்டாயிரத்தொன்பதிலும் பலிக்கவில்லை. இதைக் கட்டுரையில் எழுதியபோது ‘உற்சாகமான முடிவு தேவை’ என்று பென்சிலால் குறித்து அனுப்பினார்கள்.

முடிவு ஒன்று: ஷபானா இறந்துவிடுகிறாள். எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. லோகநாயகி கேட்டுவிட்டு, “போன வாரம் போன்ல என்னைத் திட்டினாளே சார்” என்றார்.

முடிவு இரண்டு: லோகநாயகி மருந்து கண்டுபிடிக்கிறார். இதற்கு என் சர்க்கரையே சிரித்தது.

முடிவு மூன்று: போன மாதம் நடந்தது.

ஷபானாவுக்கு இப்போது இருபது வயது. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். அவளைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வந்தார்கள். அங்கே வந்திருந்த லோகநாயகியை ஜாஃபர் தனியாகக் கூப்பிட்டார். “நிக்காஹ் முடியட்டும் டாக்டரம்மா. அப்பால பையன் கைல பக்குவமா சொல்லிக்கலாம். நீங்க வாயத் தொறக்காதீங்க.”

இத்தனை வருடத்தில் அவர் லோகநாயகியைக் குறை சொன்னதே இல்லை. கேட்டது இது ஒன்றுதான். லோகநாயகி தலையாட்டிவிட்டு உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா தம்ரூட் இனிப்புத் தட்டை ஷபானாவின் பக்கம் நீட்டினார். “எடுத்துக்கோ கண்ணு. நம்ம வூட்ல செஞ்சது.”

“சாப்புட்றேன் மாமி. ஒரு நிமிஷம்” என்றாள் ஷபானா. கைப்பையைத் திறந்தாள். துப்பட்டாவை ஒதுக்கி, கைமுட்டிக்கு மேலே சட்டையைச் சுருட்டி, எல்லார் முன்னாலும் ஊசியைப் போட்டுக்கொண்டாள். “ஒம்போது வயசுலேர்ந்து சுகர். சாவுற வரைக்கும் போட்டுக்கணும். இப்பவே பாத்துக்கோங்க.”

லோகநாயகி இதுவரை சொன்னபோது நான் அவரைக் கையமர்த்தினேன். மேலே என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு வேண்டாம் என்றேன். தெரிந்தால் எழுதி நாசமாக்கிவிடுவேன்.

எனவே அந்த அம்மாள் இன்னும் வாய் திறக்கவில்லை. ஷபானா சட்டைக் கையை இறக்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த அம்மாளை எழுதுவதற்கு எனக்குத் தைரியம் போதவில்லை. அவருடைய இடத்தில் நீங்கள் உட்காருங்கள். தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெண் காத்திருக்கிறாள், ஏதாவது சொல்லுங்கள்.