ஓ, எம், ஏ குடும்பம்

நகல் எடுக்கிற கடைக்காரருக்குத் தெருவில் டிக்‌ஷனரி என்று பெயர். கிண்டல்தான், வேறென்ன? மனிதர் இங்கிலீஷ் வார்த்தைகளைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் முக்கால்வாசிக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? போனில் எழுத்துகளைக் கோத்து வார்த்தை கட்டுகிற விளையாட்டில் அர்த்தத்தை யார் கேட்கிறார்கள்? எழுத்து சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு.

இதற்காக அவர் ஒரு நோட்டே போட்டிருந்தார். கடையில் வீணாகிப்போன தாள்களைச் சேர்த்துத் தைத்த நோட்டு. கியூ இருந்து யூ இல்லாத வார்த்தைகள் ஒரு பக்கம், இரண்டு இசட் வருபவை ஒரு பக்கம். வாலைப் பார்த்துப் பிரித்த பக்கங்களும் உண்டு. அதில் ஓ, எம், ஏ என்று முடிகிற பக்கத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அரோமா அங்கேதான் இருந்தது. சோப்பு உறையில் பார்த்துப் பிடித்தது. டிப்ளோமா இருந்தது, தினமும் யாராவது அதை நகல் எடுக்கக் கொண்டுவந்துவிடுவார்கள். கோமாவும் இருந்தது, நாலே எழுத்து, பெரிதாகப் புள்ளி தேறாது என்று அதை ஒரு மூலையில் ஒதுக்கிவைத்திருந்தார். மற்றதெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள். வாசனையும் படிப்பும் இருக்கிற குடும்பத்தில் மற்றவர்களும் யோக்கியமாகத்தான் இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

மனைவி வீட்டிலேயே பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிறவள். இந்த மனுஷனோடு பேச வேறு வழியில்லை என்றுதான் விளையாட்டில் சேர்ந்தாள். அவளுக்கு எப்போதும் வந்து வாய்ப்பது வி-யும் யூ-வும்தான். "எனக்குன்னு வந்து சேருது பாருங்க" என்று திட்டிக்கொண்டே ஆடுவாள். போன வருஷம் ஒருநாள் அவர் நோட்டையே எடுத்துப் புரட்டி, ஓ, எம், ஏ பக்கத்தைப் பார்த்து, ஏழு எழுத்தையும் ஒரே மூச்சில் இறக்கினாள். எம், ஒய், ஈ, எல், ஓ, எம், ஏ. ஏழும் இறங்கினால் ஐம்பது புள்ளி கூடுதல். டிக்‌ஷனரி மண்ணைக் கவ்வினார். ஒரு மாசத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லியே அவர் மானத்தை வாங்கினாள்.

பிறகுதான் முதுகுவலி வந்தது. முதலில் தையல் மெஷின் மேல் பழியைப் போட்டார்கள், அப்புறம் மெத்தை மேல். ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், அது போதாதென்று இடுப்பெலும்பில் ஊசி குத்தி ஏதோ உறிஞ்சினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் விளையாட்டைத் திறக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது, அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இன்று ஆஸ்பத்திரி கவுன்டரில் உறையைக் கொடுத்துவிட்டு, டாக்டர் கூப்பிடும்வரை உட்காரச் சொன்னார்கள். உட்கார முடிகிறதா? என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். அவர் உறையைப் பிரித்து விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். ஒரு மண்ணும் புரியவில்லை. கடைசி வரியில், தடித்த எழுத்தில், தெரிந்த முகம் ஒன்று நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"உன் வார்த்தைம்மா!" என்றார்.

அவள் பிடுங்கிப் பார்த்தாள். எம், ஒய், ஈ என்று விரல் விட்டு ஏழையும் எண்ணினாள். பத்து நாளுக்கு அப்புறம் சிரித்தாள். நல்ல வார்த்தைதானே என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. படுபாவி, அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார்.

"நல்ல வார்த்தைதான். அந்தப் பக்கத்துல எல்லாம் நல்லதாத்தான் இருக்கும்."

அவள் உடனே தங்கச்சிக்குப் போன் போட்டாள். ஒண்ணுமில்லையாம்டி, மாமாவே பார்த்துச் சொல்லிட்டார், அவருக்குத் தெரியாத வார்த்தையா என்று பெருமை வேறு. அந்தப் பக்கம் தங்கச்சி அழுகிற சத்தம் அவருக்கே கேட்டது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், இருவர் முகத்தையும் பார்த்தார். இதைப் படித்துவிட்டீர்களா, என்னவென்று தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியும் டாக்டர். எங்கிட்டயும் சொல்லிட்டார்."

டாக்டரம்மாவுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்திருக்க வேண்டும். இவ்வளவு தைரியமாக எடுத்துக்கொண்டதே பாதி பலம் என்றார். நேரே வைத்தியத்துக்குப் போய்விட்டார். வாரம் ஒரு ஊசி, கூடவே மாத்திரை. முழுசாகப் போகாது, அடக்கிவைக்கலாம். எத்தனை வருஷம் என்று இப்போது சொல்ல முடியாது.

மனைவியின் சிரிப்பு போக வழி தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம், இது என்ன வியாதி என்று டாக்டரைக் கேட்டாள்.

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "மைலோமான்னா எலும்புக்குள்ள மஜ்ஜையில வர்ற புத்துநோய்மா. சொல்லிட்டதாச் சொன்னீங்களே?"

மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சா சொன்னீங்க?"

ஆமாம் என்றால் துரோகி, இல்லை என்றால் முட்டாள். எதைச் சொன்னாலும் அவளுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"எனக்கு எழுத்துதாம்மா தெரியும்" என்றார்.

அவள் டாக்டரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது அவள் பையில் போன் அடித்தது. தங்கச்சி. அவள் எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீங்கதானே சொன்னீங்க. நீங்களே மாத்திச் சொல்லுங்க."

தங்கச்சி மூச்சு விடாமல் பேசினாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வருகிறாளாம். இத்தனை நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம், இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாளாம். அவர் குறுக்கே பேச மூன்று தடவை வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை.

"அக்கா பக்கத்துல இருக்காளா மாமா?" என்று கேட்டாள்.

மனைவி காகிதத்தை நாலாக மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கா" என்றார்.