மோசமில்லை

உயர்நிலை ஆங்கில வகுப்புக்கு அவள் முதல் நாளே தாமதமாகப் போனாள். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதற்குப் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். இருவரும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

ஓட முடியாது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். மேற்படிப்புக்குப் போக இந்த வகுப்பில் தேறியாக வேண்டும். டாக்சி அலுவலகத்தில் தொலைபேசியில் வண்டிகளை அனுப்பிவைக்கிற அண்ணிக்கும், மேலாளராக அதே சான்றிதழ்தான் தேவைப்பட்டது.

சண்டை ஒரு கேக்கில் தொடங்கியது. மகன் பிறந்தநாளுக்கு அண்ணி கால்கடுக்க நின்று மூன்றடுக்குக் கேக் செய்திருந்தாள். "எப்படி இருக்கு?" என்று நாலு பேர் முன்னால் நாத்தனாரைக் கேட்டாள். "மோசமில்ல அண்ணி" என்றாள் இவள். அண்ணியின் முகம் சுண்டிப்போனது. சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. "ஒரு நல்ல வார்த்த சொல்ல வாய் வராதவங்க இனிமே இந்த வாசப்படிய மிதிக்க வேண்டாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நடுவில் அண்ணன் மத்தளம்போல இரண்டு பக்கமும் அடி வாங்கினான்.

ஆசிரியை பலகை நிறைய ஆங்கில அணியிலக்கணப் பெயர்களை எழுதினார். பாதிக்குமேல் வாய்க்குள் நுழையாத பெயர்கள். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து, அவற்றை வைத்து ஓர் உரையாடல் எழுதி அடுத்த வாரம் நடித்துக்காட்ட வேண்டும் என்றார்.

வேறு வழியில்லாமல் இருவரும் வகுப்பு முடிந்து காபி இயந்திரத்துக்கு அருகே மேசை பிடித்தார்கள். ஆசிரியை கொடுத்த அட்டைகளை அண்ணி எடுத்துக்கொண்டாள்.

"ஹைப்பர்போலி?"

"உயர்வு நவிற்சி. இருக்கறத ஊதிப் பெருசாக்கிச் சொல்றது."

"உதாரணம்?"

அவள் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்க வேண்டாம்."

அண்ணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "அத நீ நெசமாவா எடுத்துக்கிட்ட? டிரைவருங்கள ஒரு நாளைக்குப் பத்துத் தடவ வேலைய விட்டுத் தூக்கறேன். ஒருத்தனாவது வீட்டுக்குப் போயிருக்கானா?"

இவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த அட்டையைப் பார்த்தாள். லிட்டோடீஸ். இருவருக்குமே தெரியவில்லை. அண்ணி பின்பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்துத் தமிழில் சொன்னாள்: "எதிர்ச்சொல்ல மறுத்து ஒண்ண உயர்த்திச் சொல்றது. கெட்டிக்காரன்கறதுக்கு முட்டாளில்லங்கற மாதிரி."

மறுபடியும் ஒரு முறை படித்தாள். பிறகு அட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்போ மோசமில்லன்னா?"

"எங்க வீட்டுல அதுக்கு மேல வார்த்தையே கிடையாது அண்ணி. அம்மாவப் பிடிச்சிருக்கான்னு கேட்டதுக்கு எங்கப்பா 'ஆட்சேபணை இல்ல'ன்னுதான் சொன்னாராம்."

"உங்கண்ணன் மட்டும் என்னவாம்? கல்யாணத்தன்னிக்கு என்னப் பாத்துட்டு 'தப்பா ஒண்ணும் தெரியல'ன்னார். அத இன்னிக்கு வரைக்கும் நெஞ்சுல சுமந்துக்கிட்டுத் திரியறேன்."

"பிறந்தநாளன்னிக்கு ரெண்டு துண்டு கேக் யாருக்கும் தெரியாம பைக்குள்ள போட்டுக்கிட்டுத்தான் அண்ணி கிளம்பினேன். கோவத்தோட பஸ்ஸுல உக்காந்து தின்னேன்."

அண்ணி மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தாள். டாக்சி அலுவலகத்துக் குரல் அல்லவா, காபி எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அந்தச் சண்டையையே ஆங்கிலத்தில் நடித்தார்கள். நாத்தனாராக அண்ணியும் அண்ணியாக நாத்தனாரும். இவள் தொண்டை கிழியக் கத்தியதைப் பார்த்து வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சினெக்டகி என்ற அணியின் பெயர் மட்டும் இருவர் வாயிலும் நார் நாராய்க் கிழிந்தது. அதற்கு மதிப்பெண் போச்சு. மற்றதெல்லாம் முழுசாக வந்தது.

வகுப்பு முடிந்ததும் அண்ணி அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் முழிச்சுக்கிட்டிருக்கேனா, கனவு காணறேனா?"

"இதுக்குப் பேர் ரெட்டாரிக்கல் கொஸ்டின்" என்றாள் மனைவி. "பதில் சொல்ல வேண்டியதில்ல."

"சரியாப்போச்சு. இனிமே இந்த வீட்டுல நான் வாயே திறக்க முடியாது."

"ஹைப்பர்போலி" என்றாள் தங்கை, அவன் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு.