இருபது சதவீத இளஞ்சிவப்பு

கல்யாணப் படங்களுக்கென்று புகைப்படக்காரன் ஒரு செட்டிங் வைத்திருந்தான். கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் இறங்கும்போதே ஒவ்வொரு படத்தின்மேலும் இளஞ்சிவப்பு டின்ட் இருபது சதவீதம் தானாகப் படிந்துவிடும். தூக்கமில்லாத மணப்பெண்கூட அப்போதுதான் குளித்து வந்தவள்போல் துலங்குவாள். ஸ்டூடியோ ஊரில் பேர் வாங்கியதே அந்த நிறத்தால்தான்.

தங்கைக்குப் பெண் பிறந்த நான்காம் நாள், அவள் கேட்டாள்.

"அண்ணா, பாப்பா மஞ்சளா இருக்காளோ?"

"ஜன்னல்ல மஞ்சத் திரையத் தொங்கவிட்டுட்டு என்னைக் கேக்குற. இந்த ரூம்ல நீயே எலுமிச்சம்பழம் மாதிரிதான் இருக்க."

"விளையாடாதண்ணா. டாக்டரம்மாவுக்கு ஒரு படம் அனுப்பேன்."

போனில் எடுத்தால் நிறம் ஏமாற்றிவிடும் என்று, ஸ்டூடியோ கேமராவிலேயே எடுத்தான். கம்ப்யூட்டரில் இறக்கினான், கண்ணை ஓட்டிப் பார்த்து அப்படியே அனுப்பினான். நிறம் நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் வந்தால் போதும் என்று பதில் வந்தது.

"பாத்தியா? தாய்மாமன் எடுத்த படம்னா சும்மாவா!"

ஏழாம் நாள் குழந்தை பால் குடிக்க மறுத்து, வில்லாக வளைந்து விறைத்தது. மஞ்சள் காமாலை தலைக்கேறிவிட்டது, மூன்று நாள் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரத்தம் மாற்றி உயிரை மீட்டார்கள். காது மீளவில்லை என்பது மூன்றாம் மாதச் சோதனையில் தெரிந்தது.

தங்கையின் கணவர் கொதித்துப்போயிருந்தார். "மச்சான், அந்தப் படத்தப் பெருசா பிரிண்ட் போடுங்க. மஞ்சளா கிடந்த பிள்ளையப் பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதின அந்தம்மாவ நான் சும்மா விடமாட்டேன்."

அவன் படத்தைத் திறந்தான். திரையில் ரோஜா நிறத்தில் ஒரு குழந்தை உறங்கியது. டின்ட் லேயரை அணைத்தான். நெற்றியிலிருந்து உள்ளங்கால்வரை மஞ்சள்.

அந்த மஞ்சளை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். பழி முழுவதும் டாக்டரம்மா தலையில் விழும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அச்சுப் பொத்தானின்மேல் அவன் விரல் வெகுநேரம் கிடந்தது. பிறகு இரண்டையும் அச்சிட்டான்.

மறுநாள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி தங்கை கணவருடன் வந்தாள். அவன் முதலில் இளஞ்சிவப்புப் படத்தை மேசையில் வைத்தான்.

"டாக்டரம்மா பாத்தது இதைத்தான். கல்யாணப் படத்துக்குப் போடுற நிறம். அத நீக்காமலே அனுப்பிட்டேன்."

பக்கத்தில் மற்றதை வைத்தான்.

தங்கை நெடுநேரம் குனிந்து பார்த்தாள். "நான் பாத்தது இதைத்தான்," என்றாள். "நீதான் திரைன்னு சொன்ன."

அவள் கணவர் ஓங்கி மேசையை அறைந்தார். கண்ணாடி டம்ளர் உருண்டு விழுந்து சிதறியது. மூவரும் அதிர்ந்தார்கள். தோளில் கிடந்த குழந்தை இமைகூட அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தது.