உருளாத வீடு

காரின் முன் இடது பிரேக் இறுகிக்கொண்ட செவ்வாய்க்கிழமையிலிருந்து தையல்காரியின் வீட்டில் எதுவும் உருளவில்லை, எதுவும் சுழலவுமில்லை. மேசையிலிருந்து விழுந்த வெங்காயம் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தது. மகளின் பந்து மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுவிட்டது. இரண்டே நாளில் எல்லோருக்கும் பழகிப்போனது. கட்டிலுக்கடியில் தலையை விட்டு எதையும் தேட வேண்டாம், அதுவும் ஒரு சௌகரியம்தான் என்றாள் மாமியார். ஆனால் தையல் மிஷினின் சக்கரமும் நின்றுபோனதுதான் வயிற்றில் அடித்தது. பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தது. நாற்பது சீருடைகள் வெட்டிய துணியாகவே கிடந்தன. நாள் தவறினால் இனி அந்த வேலை கடைத்தெருப் பெரிய கடைக்குத்தான்.

எது கெட்டாலும் தானே சரிசெய்யக் கிளம்பி, கடைசியில் ஆள் தேட வைப்பவர் என்பதால் அவள் கணவருக்குத் தெருவில் 'நிபுணர்' என்று பெயர். காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் நிபுணர். மெக்கானிக் வந்து பார்த்தார். சக்கரத்தின் இரும்புத்தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் விட மறுக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதித்தார். சைக்கிள் அசையவில்லை. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியவர் மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

மறுநாள் காலை தையல்காரி கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள். சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுக்கும் வேலை மிச்சம். அந்த வீட்டில்தான் எதுவும் உருளாதே. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கினாள். கேலிப்பர் கையோடு வந்தது. அதன் ரப்பர்களெல்லாம் தண்ணீரில் ஊறிய ரொட்டியாக உப்பியிருந்தன. முகர்ந்து பார்த்தாள். பத்தொன்பது வருடமாக அவள் விரல்களை விட்டுப் போகாத வாசனை.

"என்னங்க, இதுல என் மிஷின் எண்ணெயையா ஊத்துனீங்க?"

"கிரீச்னு கத்துச்சு. உன் மிஷின் அதுலதானே வழுக்கிக்கிட்டு ஓடுது..."

"அது இரும்புக்குச் சோறுங்க. ரப்பருக்கு விஷம்!"

நிபுணர் தரையைப் பார்த்தார். "தப்புதான்மா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அவள் கேட்டிராத சொல் அது. அவளுக்குக் கோபமும் பாதி வழியில் நின்றுபோனது.

"சரி, உள்ள ஏறி உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல பிரேக்கை மெதுவா மிதிங்க."

பதினோராவது மிதியில், உள்ளே சிக்கியிருந்த பிஸ்டன் முனகிக்கொண்டே வெளியே வந்தது. புது ரப்பரும் அதற்கென்றே உள்ள கிரீஸும் வாங்க நிபுணர் நடந்தே போய் வந்தார். அவள் துருவைத் தேய்த்து எடுத்தாள், புதியதைப் பொருத்தினாள், குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினாள். நிபுணர் மிதிக்கும்போது சக்கரம் நிற்கிறதா, விட்டால் விடுகிறதா என்று நான்கு முறை சோதித்தாள். பிறகு ஒற்றை விரலால் சக்கரத்தைத் தள்ளினாள்.

அது சுற்றியது. வீட்டுக்குள் பந்து மிச்சப் படிகளையும் இறங்கி முடித்தது. வெங்காயங்கள் கூட்டமாகக் கூடத்துக்குக் கிளம்பின. யாரும் தொடாமலே மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. தையல்காரி கிரீஸ் கையோடு நடுவாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

எட்டாம் நாளே நாற்பது சீருடைகளும் தயார். நிபுணர் இப்போது கதவுக் கீலுக்குக்கூட எந்த எண்ணெய் என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறார். கடைசிச் சட்டையைத் தைக்கும்போது அவள் கையிலிருந்து நழுவிய பொத்தான் ஒன்று வாசலைத் தாண்டிப் போனது. இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதைத் தெருவில் கண்டால் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.