பதினொன்றாம் எண் நிலம் வீட்டுக்குப் போன வரலாறு

2019ஆம் ஆண்டு ஆவணி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, தேவானை கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியபோது, பதினொன்றாம் எண் நிலமும் அவளுக்குப் பின்னால் கிளம்பியது. அன்று தக்காளி கிலோ முப்பத்தெட்டு ரூபாய். நிலத்தின் பரப்பு ஒரு சென்ட், கனம் ஒரு முழம். மேலே நாலு வரிசை வெண்டையும் இரண்டு வரிசை கத்தரியும் நின்றபடி நிற்க, சொட்டுநீர்க் குழாயை வால்போல இழுத்துக்கொண்டு, அவள் வேலை செய்த பண்ணைச் சங்கத்தின் இரும்புக் கேட்டில் உரசாமல் வெளியே வந்தது. கோட்டூர்புரம் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் மற்ற வண்டிகளைவிட ஒழுங்காக நின்றது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார், வேறொன்றும் நடக்கவில்லை. அவள் வீடு இருந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே, தண்ணீர் லாரி நிற்கிற இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, நெலத்தையே இட்டாந்துட்ட?” என்றாள். “நான் எங்க இட்டாந்தேன்? அதுவா வந்துச்சு. வெரட்டிப் பாரு, போவுதான்னு,” என்றாள் தேவானை. மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்ப, அதுவும் எழுந்து கூடவே போனது.

அந்த நிலம் யாருடையது என்று கேட்டால் முப்பத்திரண்டு பக்கச் சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பெரிய வெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம், தி.நகர் துணிக்கடை முத்துகிருஷ்ணன் அண்ணாச்சிக்கு ஆற்றோரம் இருந்த காலியிடத்தில் வண்டல் படிந்து கிடந்தது. அதை நாற்பது துண்டாக்கி, அடையாற்றங்கரைச் சிறுபண்ணைக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். அண்ணாச்சி தலைவர். மயிலாப்பூரில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற கஸ்தூரிரங்கன் செயலாளர், பதினொன்றாம் எண் அவருடையது. சட்டப் புத்தகத்தை எழுதியவரும் அவரே. ஏழாம் விதி: ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் நாலு மணி நேரம் தன் கையால் மண்ணில் வேலை செய்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், இடாதவர் உறுப்பினர் அல்லர். ஒன்பதாம் விதி: கையெழுத்துப் போடத் தெரிந்தவரே உறுப்பினராகலாம். முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரும் ஓலைத் தொப்பியும் கையுறையுமாக வந்து இறங்கினார்கள். நாற்றில் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று ஒரு டாக்டர் கேட்டார். வியர்க்காத நெற்றியில் சேற்றைத் தாங்களே தடவிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டில் ‘இயற்கை விவசாயி’ என்று அச்சடித்தார்கள். ஆறாவது வாரம் ஒருவரும் வரவில்லை, படங்கள் மட்டும் எல்லார் வீட்டு வரவேற்பறையிலும் மாட்டியிருந்தன.

ஆள் வராவிட்டால் செடி செத்துவிடும், செடி செத்தால் அடுத்த படம் கிடைக்காது. ஆகவே தேவானை, அம்மாசி, ஷரஃபுதீன் என்று மூன்று பேரை வேலைக்கு வைத்து நாற்பது துண்டையும் பிரித்துக் கொடுத்தார்கள். பதிவேட்டில் உறுப்பினர் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்தால் போதும் என்று முப்பத்தொன்பது பேர் சொல்லிவிட்டார்கள். கஸ்தூரிரங்கன் ஒப்பவில்லை. ஒரு வங்கி மேலாளரின் பெயருக்கு எதிரே டிக்கோ கைநாட்டோ இருப்பது அவருக்குக் கேவலமாகப் பட்டது. வாரம் ஒருமுறை வந்து தானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மாறாக, நாலு நாள் உட்கார்ந்து தேவானைக்குத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தார். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கஸ்தூரிரங்கன், எட்டு எழுத்து. ‘ஸ்’ மட்டும் அவள் கைக்கு வருவதற்குள் ஒரு நோட்டு தீர்ந்தது. அதன் பிறகு வாராவாரம் அவள் வேலை செய்தாள், கஸ்தூரிரங்கன் என்று எழுதினாள், வீட்டுக்குப் போனாள். தேவானை என்கிற பெயரில் இருக்கிற ஓர் எழுத்துகூட அந்த எட்டில் கிடையாது.

2018இல் ஓர் உறுப்பினர் மகனோடு அமெரிக்கா போய்விட, இருபத்துமூன்றாம் எண் காலியானது. அதைத் தனக்குக் கொடுக்கும்படி தேவானை கேட்டாள். அவள் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதாக அதற்கு முன் தகவல் இல்லை. கஸ்தூரிரங்கன் ஒன்பதாம் விதியைக் காட்டினார்.

“நோக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியாதேம்மா.”

“வாராவாரம் போடுறனே சார்.”

“அதெல்லாம் என் கையெழுத்து. உன்னோடது எங்கே? காட்டு, பார்ப்போம்.”

காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. இருபத்துமூன்றாம் எண் அண்ணாச்சியின் மருமகளுக்குப் போனது. அந்தப் பெண் ஒருநாள் வந்து, மண் வாசனை பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். தேவானை அவசரப்படவில்லை. தேனாம்பேட்டை போகும் பஸ் பலகையில் ‘தே’ கிடைத்தது. வாடகைக்கு விடப்படும் என்று தொங்கிய அட்டையில் ‘வா’ கிடைத்தது. ‘னை’ சென்னையிலேயே இருந்தது. மூன்று எழுத்துக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஆவணிச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் களைக்கொத்தின் முனையால் பதினொன்றாம் எண்ணின் வரப்போரம் அதை எழுதிப் பார்த்தாள். நிலம் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நிலம் தினமும் போய்வர ஆரம்பித்ததும் நிர்வாகக் குழு கூடியது. நிலம் உறுப்பினரின் அனுமதியின்றி வெளியே செல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டு, அதை நிலத்துக்கு எதிரே நின்று படித்தார்கள். பிறகு தென்னை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். தென்னையும் நிலத்தோடு மூன்றடி நகர்ந்துவிட்டது. கடைசியில் கஸ்தூரிரங்கன் முன்னால் நடந்து, மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி வா வா என்றார். அது அசையவில்லை. பழக்கம் இல்லாததுதான் காரணம் என்று யாரோ சொல்ல, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாற்பது நிமிஷம் களை எடுத்தார். அவர் பிடுங்கியது முழுக்கக் கத்தரிச் செடி. நிலம் நாற்காலியோடு அவரை மெதுவாக நகர்த்தி வரப்புக்கு வெளியே வைத்தது. முத்துகிருஷ்ணன் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. “நிலத்தக் கட்டிப்போட முடியலைன்னா அந்தப் பொம்பளைய நிப்பாட்டிருங்க சார், சோலி முடிஞ்சிது,” என்றார்.

புரட்டாசி முதல் தேதி தேவானையை நிறுத்தினார்கள். அவள் போனாள், பதினொன்றாம் எண்ணும் போனது, திரும்பி வரவில்லை. அவள் பார்த்த மற்ற பன்னிரண்டும் மறுநாள் அவள் பின்னால் போயின. அம்மாசியின் பதின்மூன்றும் வாரக் கடைசியில் அம்மாசி வீடு இருந்த சைதாப்பேட்டை ரயில் பாதையோரம் குடியேறின. ஷரஃபுதீன் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் மாடியில் இருந்தார். அவருடைய பதினாலும் படியேறிப் போய், இடம் போதாமல் பாய் அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன. நடுவில் இருந்த அரைக்கீரைகூட வாடவில்லை. சங்கத்துக்கு மிஞ்சியது ஒரு முழம் ஆழப் பள்ளமும் பெயர்ப் பலகையும். அந்தப் பள்ளத்தில் ஷாமியானா போட்டு அவர்கள் ஆண்டு விழா நடத்தினார்கள். சிறந்த விவசாயிக்கான கேடயத்தை கஸ்தூரிரங்கனுக்கு அண்ணாச்சி வழங்கினார்.

கேடயம் கிடைத்த தைரியத்தில் கஸ்தூரிரங்கன் நிலத்தை மீட்டுத் தரும்படி கூட்டுறவு அதிகாரிக்கு மனு எழுதினார். 2020 தை மாதம் அதிகாரி ராஜகோபாலன் பதிவேட்டைப் புரட்டினார். டிக் அடித்த முப்பத்தொன்பது பேரும் ஏழாம் விதிப்படி உறுப்பினர்களே அல்லர். முறையாகக் கையெழுத்திட்டு வேலை செய்தவர் மூன்றரை வருஷத்தில் ஒரே ஒருவர். மனுவில் இருந்த கஸ்தூரிரங்கனின் கையெழுத்தோ அந்த ஒருவரின் கையெழுத்தோடு சேரவில்லை. மறுபடி போடச் சொன்னார். பத்து முறை போட்டார், பத்தும் பத்து விதமாக விழுந்தன. ராஜகோபாலன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, பின்னாலேயே வந்த கஸ்தூரிரங்கனோடு கோட்டூர்புரம் குடியிருப்புக்குப் போனார். தேவானை வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

“கஸ்தூரிரங்கன்கிறது நீங்கதானா?” என்று கேட்டார்.

“பேரு அவுரோடது. கை என்னோடது,” என்றாள் தேவானை.

எழுதச் சொன்னார். எட்டு எழுத்தும் பதிவேட்டில் இருந்தபடியே அச்சாக வந்தன. அப்படியானால் இந்த நிலத்தின் உறுப்பினர் நீங்கள்தான், கஸ்தூரிரங்கன் என்கிற பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. கஸ்தூரிரங்கன் நடுவில் வந்து நின்றார். “அப்போ நான் யாரு சார்?” என்றார். அதற்கு விதியில் இடம் இல்லை.

“எனுக்கு எதுக்கு சார் இவரு பேரு? மூணு வருசம் தூக்கிக்கினு திரிஞ்சது போதும். அவராண்டயே குட்த்துரு,” என்றாள் தேவானை. பேனாவை வாங்கி, எட்டு எழுத்தையும் ஒரே கோட்டில் அடித்தாள். கீழே மூன்று எழுத்து எழுதினாள். னை கொஞ்சம் கோணலாக வந்தது. ராஜகோபாலன் முத்திரை வைத்தார்.

கஸ்தூரிரங்கன் மறு வாரமே வந்தார். விசிட்டிங் கார்டு ஐந்நூறு மிச்சம் இருந்தது, நிலம் இல்லாமல் விவசாயியாக இருக்க முடியவில்லை. இரண்டு வரிசையாவது தரச் சொல்லிக் கேட்டார். தேவானை இரண்டு வரிசை வெண்டையைக் காட்டி, வாரம் நாலு மணி நேரம் தன் கையால் செய்யவேண்டும், அவ்வளவுதான் என்றாள். முதல் வாரம் வந்தார். இரண்டாம் வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் வாரம் டிரைவர் அய்யாதுரையை அனுப்பினார். இப்போது அந்த இரண்டு வரிசை வெண்டையும் மாலையில் அய்யாதுரைக்குப் பின்னால் வேளச்சேரியில் அவர் வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்பி வருகின்றன. மழை நாட்களில் மட்டும் அவர் கார் டிக்கியைத் திறந்துவிடுகிறார்.