கால்களுக்காகக் கேட்ட மன்னிப்பு

எங்கள் சபைக்குப் புது மண்டபம் கட்டி முடித்ததில் ஊரே சந்தோஷமாக இருந்தது. எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். திறப்பு விழாவின் கடைசி நடனத்தை ஊர்த் தலைவர் வீட்டு மகள்தான் ஆட வேண்டும். ஊர்த் தலைவர் என் அப்பா. வழக்கமாக ஆடுகிறவள் என் தங்கை லூசிலா. இந்தத் தடவை அவள் ஆக்லாந்திலிருந்து எங்கள் சவாயித் தீவில் வந்து இறங்கியதே முழங்காலில் கட்டோடுதான்.

"அப்போ ஃபுவா ஆடட்டும்" என்று அப்பா சேப்பங்கிழங்கைப் பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்தான் ஃபுவா. மூத்தவள். நான் நடந்தாலே பலகைத் தரை முனகும். அந்த நடனமோ கையும் விரலும் பேச, கால் நகர்வதே தெரியாமல் நகர வேண்டியது. போதாக்குறைக்கு, சிப்பியும் கண்ணாடியும் வைத்துக் கட்டிய உயரமான தலையணி வேறு. அது லூசிலாவின் தலைக்கென்று கட்டியது. என் தலையில் இறங்க மறுத்தது. அப்பா விடாமல் அழுத்தியதில் காதுக்கு மேல் வீங்கிப்போனது.

ஒத்திகையில் தினமும் இதே கூத்துதான்.

"காலை மெதுவா வைடி! தரையை இடிக்கவா வந்திருக்கே?"

"மெதுவாத்தான்ப்பா வைக்கிறேன்."

"உன் தங்கச்சி ஆடி நீ பாத்ததே இல்லையா?"

பார்க்காமலா? அவள் பிறந்ததிலிருந்து வேறு எதைப் பார்த்தேன்?

எனக்குப் பிடித்தது வேறு. நடுவில் ஒருத்தி அழகாக ஆடும்போது, சுற்றி இருக்கிறவர்கள் கோமாளி மாதிரிக் குதிப்பார்கள், கூவுவார்கள், தரையில் விழுந்து புரளுவார்கள். அவளுக்குச் செய்கிற மரியாதை அது. அவர்கள் ஆட்டம் அலங்கோலமாக இருக்க இருக்க, இவள் அழகு எடுப்பாகத் தெரியும். சின்ன வயதில் நான் அதில் இறங்கினால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். வயதுக்கு வந்ததும் அப்பா தடை போட்டுவிட்டார். தலைவர் மகள் புரளக் கூடாதாம்.

விழாவுக்கு முந்தின நாள் காலை பாஸ்டரம்மா ரூத்தாவைத் தேடிப் போனேன். என்னைவிட வயதில் சின்னவள். சமையல் கொட்டகையில், விருந்துக்குப் பன்றி போதாது என்று யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வியர்த்து வழிய நின்றிருந்தாள்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க பாஸ்டரம்மா."

"என்னன்னு?"

"இந்த உடம்பு, இந்தக் கால்... ஆண்டவர் மன்னிச்சு என்னை மாத்தணும்."

"போன வாரம் பெண்கள் கூட்டத்துலயும் இதுக்குத்தானே மன்னிப்பு கேட்டு அழுதீங்க? உங்க கால் அப்படி என்னக்கா பாவம் பண்ணுச்சு?"

"கிண்டலா?"

"கிண்டல் இல்ல, எரிச்சல். அவர் படைச்சதுக்கு அவர்கிட்டயே மன்னிப்பு கேட்டா, அவர்தான் என்ன பதில் சொல்லுவார்? தங்கச்சி மேல இருக்கிற பொறாமையை ஒரு நாளாவது அவர்கிட்ட சொன்னீங்களா? பாத்திரம் கழுவுற பிள்ளைங்களை அந்தத் திட்டு திட்டுறீங்களே, அதைச் சொன்னீங்களா? பாவத்தையெல்லாம் பத்திரமா வெச்சுக்கிட்டு, காலைப் போய்ப் பிடிச்சுத் தொங்குறீங்க!"

"ஒல்லியா இருக்கிறவங்க என்ன வேணா பேசலாம்!" என்று கத்தினேன். வழியில் கிடந்த தேங்காய் மூடியை அந்தக் காலாலேயே எட்டி உதைத்துவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் பொருமினேன். ஆனாலும் பொறாமை என்ற அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. சரி, லூசிலாவிடமே சொல்லித் தொலைப்போம் என்று வீட்டுக்குள் நுழைந்தால், அவள் தலையணியை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் ஆடிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் கட்டு பாய்மேல் சுருண்டு கிடக்கிறது.

"அடிப்பாவி! கால் வலின்னியே?"

தலையணியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அழ ஆரம்பித்தாள். "என்னைப் பாருக்கா. மூணு பிள்ளை பெத்துட்டேன். ஊர்ல எல்லாரும் பழைய லூசிலாவைத் தேடிக்கிட்டு வருவாங்க. இந்த வயித்தை வெச்சுக்கிட்டு நான் எப்படி நடுவுல போய் நிப்பேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. லூசிலா மாதிரி இல்லையே என்று நான் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருக்கிறேன், லூசிலா மாதிரி இல்லையே என்று லூசிலாவே அழுகிறாள்!

"என் காதைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு! உன் வயித்துக்காக நான் ஏன்டி சாகணும்?" என்று கத்தித் தீர்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன்மேல எனக்கு எப்பவுமே பொறாமைடி."

"தெரியும்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்க்கா."

அவள் தலையில் சரிந்திருந்த தலையணியை நேராக்கினேன். பிறகு சொன்னேன்: "நாளைக்கு நீயே ஆடு. இந்த வயித்தோடயே ஆடு. நான் பக்கத்துல புரளுறேன்."

"அப்பா கொன்னுடுவாரு."

"கொல்லட்டும். என்னால இந்தத் தலையணியை மாட்டிக்கிட்டுச் சாக முடியாது."

மறுநாள் லூசிலா ஆடினாள். முன்னைவிட மெதுவாக, திரும்பும்போது கொஞ்சம் மூச்சு வாங்க. அவள் இடுப்பைப் பார்த்து இரண்டு பேர் குசுகுசுத்ததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் புன்னகை ஆட்டம் கண்டது. அவ்வளவுதான், "சீஹூ!" என்று கூவிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். நான் மிதித்த மிதியில் புது மண்டபம் அதிர்ந்தது. தடாலென்று விழுந்து அவள் காலடியில் உருண்டேன். குசுகுசுத்தவர்கள் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். வெட்கமாக இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன், இல்லை. அண்ணாந்து பார்த்தால், லூசிலாவும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஆடுகிறாள்.

விழா முடிந்ததும் அப்பா விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்று, "நான் பெத்தது மகளா, மாடா?" என்றார்.

"எதுவா இருந்தாலும் உங்களுதுதான்ப்பா" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்தது. பொறாமைக்கு மன்னிப்புக் கேட்டேன். ரூத்தாவிடம் கத்தியதற்கும், பாத்திரம் கழுவுகிற பிள்ளைகளைத் திட்டியதற்கும் கேட்டேன். பழக்க தோஷத்தில் அடுத்து என் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. புரண்டதில் முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன.

"இன்னிக்கு நல்லா உழைச்சுது, ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.